மடுவில் விழுந்த கொடுவாளும் உன் கப்பலும்

மச்சான்,

கண்ணமங்கலத்தில் ஒரு ஷெட்டில் மினி பஸ்ஸை எஃப்.சி. சான்றுக்காக விட்டிருக்கிறேன். வண்டியின் அடிப்பக்கத்துக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் எவனோ ஒரு லாரியின் டீசல் டேங்கைத் திறந்து போட்டிருக்கிறான். புதுப் பெயின்டும் டீசலும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் கப்பல் ஞாபகம் வந்துவிட்டது. போன மாதம் அதற்குள் தலையைக் குனிந்து நுழைந்தபோது முதலில் என் முகத்தில் வந்து மோதியது இந்த வாசனைதான்.

ஆமாம், போனேன். நீ லீவில் வரும்போதெல்லாம் கூப்பிட்டாய். "பஸ்ஸ யாரு ஓட்றது?" என்று முறுக்கிக்கொண்டேன். நீ போய்ச் சேர்ந்த பிறகு, கூப்பிட ஆளில்லாதபோது, கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வண்டி வேலை முடிய சாயங்காலம் ஆகும் என்கிறார்கள். அதுவரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உனக்கு எழுதலாம் என்று தோன்றியது. நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுதியிருந்தால் பாதி வசவாகத்தான் இருந்திருக்கும். இதிலும் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்.

எனக்கு உன்மேல் பொறாமை. இது மலைக்கே தெரிந்த விஷயம், உனக்கும் தெரியும். நீ என் அத்தை மகன், பிறகு என் தங்கை செல்வியைக் கட்டிக்கொண்டவன் என்பதால் யாரும் அதை என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. நீ வெள்ளை உடுப்பில் ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் கடைக்காரர்கள் எழுந்து நின்று பேசுவார்கள். நான் தினமும் அதே இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்குகிறேன், எவன் எழுந்தான்? எனக்கு வர வேண்டியதை நீ எடுத்துக்கொண்டாய் என்று நான் நினைத்தேன். இப்போதும் அதில் பெரிய மாற்றமில்லை.

நியாயத்தைச் சொல்லு. நம் இரண்டு பேரில் தண்ணீர்க்காரன் யார்? ஆற்றில் மழைவெள்ளம் வந்தாலும் இந்தக் கரையில் விழுந்து அந்தக் கரையில் எழுந்தவன் நான். நீ முழங்கால் தண்ணீர் வந்ததும் திரும்பிவிடுவாய். குளிக்க வந்தால் சொம்பை எடுத்துக்கொண்டு வருவாய். பெண்கள்கூட உன்னைக் கேலி செய்தார்கள். அப்படிப்பட்டவனைக் கடற்படைக்கு எடுத்துக்கொண்டு, என்னை மலையேறும் வண்டிக்கு அனுப்பியது யார் கணக்கு?

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். மறக்கவில்லை என்பதற்கு இப்போது என்னிடம் சாட்சியே இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். பள்ளிக்கூடம் விட்டு ஆட்டுக்குத் தழை வெட்டப் போனோம். அருவிக்குக் கீழே உள்ள மடுவின் மேல், பாறையில் சாய்ந்து நின்ற மரத்தில் நீ ஏறினாய். உன் அப்பாவின் கொடுவாள் கை நழுவிப் பாறையில் ஒரு சத்தம் போட்டுவிட்டு மடுவுக்குள் போய்விட்டது. நம் மலையில் வீட்டுக் கொடுவாள் என்றால் என்ன என்று வெளியாட்களுக்குச் சொன்னால் புரியாது. பொங்கலுக்கு மாட்டுக்கு வைக்கிற பொட்டை அதற்கும் வைத்துப் படைப்போம். இரவல் கொடுக்க மாட்டோம். அதைத் தொலைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைகிறவனுக்கு அன்று சோறு கிடையாது, மறுநாளும் சந்தேகம்தான். நீ மரத்திலிருந்து இறங்கி, பாறை விளிம்பில் குந்திக்கொண்டு அழுதாய். சத்தமில்லாத அழுகை இல்லை, ஊளை. "எங்கப்பன் என்ன வெட்டிப் போட்டுடுவான்டா" என்றாய். வெட்டுவதற்குக் கொடுவாள் இல்லையே என்று நான் சொன்னதும் இன்னும் சத்தமாக அழுதாய்.

நான் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்தேன். மடுவுக்கு அடியே இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். இருக்கிறது, நான் தொட்டேன். முதல் முறை வெறுங்கையோடு வந்தேன். மறுபடி போனபோது இன்னும் கீழே போனேன். இடது காதுக்குள் ஏதோ வெடித்தது. தலை கிறுகிறுத்து மேலும் கீழும் தெரியவில்லை. அப்போது கை எதிலோ பட்டது. பிடியைப் பிடித்து எழுந்தேன். நான் கொடுவாளை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தபோது உனக்கு அழுகை நின்று விக்கல் வந்திருந்தது. என் காதிலிருந்து ரத்தம் வழிந்ததை உன் துண்டால் துடைத்துவிட்டாய். வீட்டில் அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றினாள். காது சீழ் பிடித்து, ஆறி, அதன் பிறகு அந்தப் பக்கம் யாராவது பேசினால் சுவருக்கு அப்பால் பேசுகிற மாதிரி இருக்கும். போகட்டும், நான் ஊருக்கு வீரனாகிவிட்டேன். அந்தக் காது எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

பிறகு நாம் இருவரும் கடற்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். ஓட்டத்தில் நான் உனக்கு முன்னால் வந்தேன். எழுத்துத் தேர்வில் நீ என்னைவிடக் கொஞ்சம் நன்றாகச் செய்தாய், அதை ஒப்புக்கொள்கிறேன். மருத்துவப் பரிசோதனைக்குச் சென்னையில் வரிசையில் நின்றோம். டாக்டர் என் இடது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மற்றவர்களுக்குப் பார்த்ததைவிட நிறைய நேரம் பார்த்தார்.

"சின்ன வயசுல ஆழத்துல ஏதும் குதிச்சியாப்பா?" என்றார்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கடற்படைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் குதித்தவன் குதித்ததை மறைப்பானா? "குதிச்சேன் சார். எங்க ஊரு மடுவுல அடி வரைக்கும் போயி கொடுவா எடுத்துக்கினு வந்தேன் சார்" என்று முழுக் கதையையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். செவிப்பறையில் ஓட்டை, எடுக்க முடியாது என்றார். பின்னால் நின்ற உனக்கு எல்லாம் சரியாக இருந்தது. "நீச்சல் தெரியுமா?" என்று உன்னைக் கேட்டார்களாம், தெரியாது என்றாயாம், பரவாயில்லை, நாங்கள் கற்றுக்கொடுப்போம் என்றார்களாம். நீந்தத் தெரியாதவன் வேண்டுமாம். நீந்தப் போய்க் காதைக் கிழித்துக்கொண்டவன் வேண்டாமாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ என் இடது பக்கம் உட்கார்ந்தாய். வழி நெடுக ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாய். எனக்கு ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல் என்று நான் கேட்கவும் இல்லை.

அதன் பிறகு நீ வளர்ந்தாய். இன்ஜின் வேலை கற்றாய், ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாறினாய், செல்வியைக் கட்டிக்கொண்டாய். நீ ஒவ்வொரு லீவுக்கு வரும்போதும் நான் ஒரு வேலை செய்வேன், உனக்கே தெரியும். டீக்கடையில் நாலு பேர் உன்னைச் சுற்றி உட்கார்ந்து கடல் கதை கேட்கும்போது, நடுவில் புகுந்து கொடுவாள் கதையை எடுத்துவிடுவேன். நீ ஊளையிட்டதை நடித்துக்கூடக் காட்டுவேன். ஊரே சிரிக்கும். நீயும் சிரிப்பாய். "ஆமாம்பா, எம் மச்சாந்தான் எடுத்துக் குடுத்தான். அவன் இல்லன்னா அன்னிக்கு என் கதி அதோகதி" என்பாய். உன்னிடம் உடுப்பு இருந்தது, மெடல் இருந்தது, கடலே இருந்தது. என்னிடம் அந்த ஒரு குதிதான் இருந்தது. அதை நான் சும்மா விடுவேனா?

கடைசியாக உன்னைப் போட்டது புத்தம் புதுக் கப்பல். அதைக் கட்டி முடிக்கும்போதே நீ போய்விட்டாய். லீவில் வந்தபோது அதைப் பற்றித்தான் ஓயாமல் பேச்சு. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"போர்க்கப்பல்ன்றியே மச்சான், ப்ளேன் எறங்குமா அதுல?" என்று கேட்டேன்.

"எறங்காது."

"அப்ப இன்னா பெரிய கப்பலு அது?"

"பெருசுன்னு நான் எப்ப சொன்னேன்? சின்னதுதான்" என்றாய், கொஞ்சமும் கோபமில்லாமல். "பெரிய கப்பலு ஆழத்துலதான்டா ஓடும். கரையாண்ட வந்தா தரை தட்டிடும். நீர்மூழ்கி திருட்டுத்தனமா வர்றதா இருந்தா கரையோரமாத்தான் வரும். அந்த எடத்துல எங்கள்துதான் போவும். வெளிய விசிறியே கெடையாது. அடியில தண்ணிய உறிஞ்சி பின்னால பீச்சி அடிச்சிக்கினே போவும். கெவர்மென்ட்டு பஸ்ஸு நம்ம ஊருக்குள்ள வந்து திரும்புமா? உன் மினி பஸ்ஸுதானே திரும்புது. அதே கணக்குதான். உன் வண்டியும் என் கப்பலும் ஒரே சாதி."

டீக்கடையில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முதல் தடவையாக என் வண்டியைக்கூட மரியாதையோடு பார்த்தார்கள். உன்னைக் குத்தலாம் என்று வந்தவனை நீ உனக்குச் சமமாக உட்கார வைத்துவிட்டாய். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவன் ஜெயிக்கவும் ஜெயித்து, நல்லவனாகவும் இருந்தால், தோற்றவன் எங்கே போவான்?

அடுத்த லீவுக்கு நீ வரவில்லை. மஞ்சள் காமாலை என்றார்கள், கல்லீரல் போய்விட்டது என்றார்கள். கடற்படை ஆஸ்பத்திரியில் செல்வி உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். நான் மலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். உன்னை வேனில் கொண்டுவந்தபோது கூடவே வெள்ளை உடுப்பில் பையன்கள் வந்தார்கள். கொடி போர்த்தியிருந்தது. மலையே திரண்டு வந்தது. நம் வழக்கப்படி உன் காட்டில், சாமை விதைக்கிற நிலத்துக்குப் பக்கத்தில் புதைத்தோம். எல்லாரும் அழுதார்கள், எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். செத்தும் ஜெயித்துவிட்டாயே என்று நினைத்தேன். "மச்சான் கண்ணுல ஒரு சொட்டு வரல பாரு" என்று பெண்கள் பேசியது என் நல்ல காதில் விழுந்தது.

வந்த பையன்களில் ஒருவன் அந்தோணி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், உன் இன்ஜின் அறையில் உனக்குக் கீழே வேலை பார்த்தவன். அவன்தான் போன மாதம் போன் செய்தான். கப்பல் சென்னைக்கு வருகிறது, வீட்டு ஆட்களை உள்ளே கூட்டிப்போக அனுமதி வாங்கிவிட்டேன், செல்வி அக்காவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றான். செல்வி வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"எனுக்கு அதப் பாக்க வாணாண்ணா. வருசம் பூரா அவர அதுதான வெச்சிருந்தது" என்றாள். அவளுக்கும் பொறாமை இருந்தது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அவுரு எங்க படுத்திருந்தாருன்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள். பையன்களுக்குக் கொடுக்கச் சொல்லிக் கொஞ்சம் சாமையும் கொட்டை எடுத்த புளியும் கட்டிக் கொடுத்தாள்.

துறைமுகத்தில் உன் கப்பலைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது ஒரு அற்பச் சந்தோஷம். பக்கத்தில் நின்ற பெரிய கப்பலுக்கு முன்னால் அது நிஜமாகவே சின்னதாக இருந்தது. கிட்டப் போனதும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. முன்னால் பீரங்கி, மேலே சுற்றிக்கொண்டிருந்த ரேடார், பின்பக்கம் டார்பிடோ விடும் குழாய்கள். ஒரு இடத்தைக்கூட வீணாக்காமல் கட்டியிருந்தார்கள். நல்ல வண்டியைப் பார்த்தால் எனக்குத் தெரியும், மச்சான். அது நல்ல வண்டி.

அந்தோணி ஒவ்வொரு இடமாகக் காட்டினான். ஏணி போன்ற படிகளில் பின்பக்கமாக இறங்கினோம். நீ வேலை செய்த இன்ஜின் அறையில் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். "இங்கதான் நிப்பாரு. சத்தத்த வச்சே எந்த பம்ப்பு மக்கர் பண்ணுதுன்னு சொல்லிருவாரு" என்றான். உன் படுக்கையைக் காட்டினான். அடுக்குப் படுக்கையில் நடுத்தட்டு. திரும்பிப் படுத்தால் மேல் தட்டில் தோள் இடிக்கும். இப்போது அதில் வேறு ஒரு பையன் படுக்கிறான். செல்விக்குச் சொல்ல வேண்டுமே என்று கையால் அளந்து பார்த்துக்கொண்டேன். அவளிடமிருந்து உன்னை எடுத்து இந்தப் பலகையில் வைத்திருந்தார்களே என்று நினைத்தபோது எனக்கு யார் மேல் கோபம் என்று தெரியவில்லை.

பிறகு பையன்கள் சாப்பிடுகிற இடத்தில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். சுவரில் உன் படம் இருந்தது. ரப்பர் உடுப்பில், முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாய். அப்படி நீ சிரித்து நான் பார்த்ததில்லை.

"இது இன்னா வேசம்?" என்று கேட்டேன்.

"வேசமா? அண்ணே, அவரு கப்பலோட டைவருல்லா. முங்குற ஆளு" என்றான் அந்தோணி.

நீயா? சொம்பில் குளித்தவனா? செல்விக்காவது தெரியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்னப் பையன் முகம் மலர்ந்து கேட்டான். "அண்ணே, நீங்கதானா அந்தக் கொடுவா மச்சான்?"

அவ்வளவுதான், என் மனம் குளிர்ந்துவிட்டது. கடல் நடுவில்கூட என் கதையைச் சொல்லியிருக்கிறாயே என்று. "ஆமாம் தம்பி, நாந்தான்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுற்றிலும் எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பில் ஏதோ சரியில்லை என்று பட்டது. அந்தோணி என் தோளில் கையை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தான். மடு வந்தது. மரம் வந்தது. கொடுவாள் விழுந்தது. மச்சான் பாறையில் உட்கார்ந்து, அப்பன் வெட்டிப்போடுவான் என்று ஊளையிட்டான். உடனே நம் அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்தார். முதல் தடவை கிடைக்கவில்லை. மறுபடி அடிவரைக்கும் போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

"நீங்க அழுதது மலைக்கே கேட்டிச்சாமே அண்ணே?" என்றான் அந்தச் சின்னப் பையன்.

மச்சான், அந்த நிமிஷம் நீ உயிரோடு எதிரில் இருந்திருந்தால் உன் சட்டையைப் பிடித்திருப்பேன். எல்லாம் எடுத்துக்கொண்டாய். வேலையை எடுத்துக்கொண்டாய், மரியாதையை எடுத்துக்கொண்டாய், அதோடு விட்டாயா? என்னிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு குதி. அதையும் எடுத்துப் போட்டுக்கொண்டு, உன் அழுகையை என் தலையில் கட்டிவிட்டிருக்கிறாய். ஊரில் என்னைப் பாராட்டிவிட்டு இங்கே வந்து மாற்றிச் சொல்லியிருக்கிறாய். டீ டம்ளரைக் கீழே வைத்தேன். குதித்தது நான்டா என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அந்தோணி அதைக் கவனிக்கவில்லை. அவன் உன் படத்தைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினான். "ஒருநாள் கரையோரமா போய்க்கிட்டிருக்கும்போது ஏதோ அறுந்துபோன மீன் வலை அடியில தண்ணி உறிஞ்சுற வாயில போயி சிக்கிருச்சிண்ணே. இன்ஜின நிறுத்தியாச்சு. கப்பலு அலையில கரைப்பக்கமா தள்ளிக்கிட்டே போவுது. ஆளு எறங்கி அறுக்கணும். அண்ணன்தான் எறங்கி அறுத்தாரு. நான் பக்கத்துல கயிறு பிடிச்சிட்டு நின்னேன். ஒங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, எறங்குறதுக்கு முன்னாடி அவரு கை நடுங்கும். ஒவ்வொரு தடவையும் நடுங்கும். எனக்கு மட்டுந்தான் தெரியும். அந்தக் கொடுவா கதைய வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டேதான் தண்ணிக்குள்ள போவாரு. சாமி கும்புடுற மாதிரி. அடி இருக்கு, தொட்டிருக்கேன்னு சொல்லுவாரு."

அடி இருக்கிறது, தொட்டிருக்கிறேன். மடுவிலிருந்து வெளியே வந்து நான் உன்னிடம் சொன்ன வார்த்தை அது. வார்த்தையைக்கூட மாற்றாமல் எடுத்துப் போயிருக்கிறாய்.

அப்படியானால் நீயும் வயிறெரிந்திருக்கிறாய். நான் உன் வெள்ளை உடுப்பைப் பார்த்து எரிந்த காலம் முழுக்க நீ என் குதியைப் பார்த்து எரிந்திருக்கிறாய். டீக்கடையில் நான் உன்னை நடித்துக் காட்டியபோது சிரித்தாயே, அந்தச் சிரிப்புக்கு அடியில் இது இருந்திருக்கிறது. எனக்கு ஒரு வார்த்தை காட்டினாயா? காட்டியிருந்தால் நான் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்தே பொறாமைப்பட்டிருக்கலாம்.

"உண்மதானண்ணே?" என்றான் அந்தோணி. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"உண்மதான். நல்லா அழுதேன்" என்றேன்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கப்பலில்தானே, எவனுக்குத் தெரியப்போகிறது என்று இருந்திருப்பேன். ஆனால் கிளம்பும்போது அந்தோணி, உன் வருஷ நினைவு நாளுக்கு லீவு போட்டுவிட்டுப் பையன்கள் எல்லாரும் மலைக்கு வருகிறோம் என்றான். அந்த மடுவைப் பார்க்க வேண்டும், அதன் மேல் நின்று ஒரு போட்டோ எடுத்துச் சுவரில் உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்றான். வராதே என்று எப்படிச் சொல்வது? நம் ஊரில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் குதித்தது யார் என்று சொல்லிவிடுவார்கள். நானேதான் இத்தனை வருஷமாக அவர்கள் காதில் ஓதி வைத்திருக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் செல்வியிடம் போனேன். வாசலில் புளி அடித்துக்கொண்டிருந்தாள். உன் படுக்கையைப் பற்றிச் சொன்னேன். கையை விரித்து அகலத்தைக் காட்டினேன். "இவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் என் இரண்டு கைக்கு நடுவே இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மற்றதையும் சொன்னேன். நீ சொல்லி வைத்த கதையை, நான் சொல்லிவிட்டு வந்த பதிலை.

அவள் அடிப்பதை நிறுத்திவிட்டாள். "அவுரா அப்டி சொன்னாரு?"

"ஆமா."

"உனுக்குன்னு இந்த ஊருல இருக்கறது அது ஒண்ணுதானேண்ணா."

சொந்தத் தங்கை வாயால் அதைக் கேட்டபோது சுருக்கென்றுதான் இருந்தது. "அவுங்க வந்து கேட்டா உம் புருசன்தான் குதிச்சாருன்னு சொல்லு. மத்தவங்ககிட்ட நான் சொல்லி வெக்கிறேன்" என்றேன்.

இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறேன். டீக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இத்தினி வருசமா எங்க காத அறுத்தியேடா, இப்ப இன்னாத்துக்கு மாத்தி சொல்லணும்?" என்றார். காரணத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, சரி என்றார். ஊருக்குத் தலைவரான ஊர்க் கவுண்டர், "அவன் பேரு கப்பல்ல கெட்டுடக் கூடாதுப்பா" என்று தன் பங்குக்கு நாலு வீட்டில் சொல்லிவிட்டார். ஊரே ஒரு பொய்க்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. அதில் என்னை அழுமூஞ்சி என்று இப்போதே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கூப்பிடும்போது எரிகிறது, மச்சான். பெரிய மனது எல்லாம் எனக்கு வந்துவிடவில்லை. உன்மேல் உள்ள பொறாமை வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. அதை இறக்கி வைக்க எதிரில் நீ இல்லாததால் இப்போது இன்னும் கனமாகத் தெரிகிறது.

பையன்கள் வந்தால் அந்தச் சின்னவன் நிச்சயம் கேட்பான். "நீங்க எந்த எடத்துல நின்னு அழுதீங்கண்ணே?" என்பான். நீ குந்தியிருந்த பாறை விளிம்பு எனக்குத் தெரியும். அங்கேயே போய் உட்கார்ந்து காட்டுவேன். கீழே தண்ணீரைக் காட்டி, இங்கேதான் என் மச்சான் குதித்தான் என்பேன். உன்னைப் புதைத்த அன்று எனக்கு அழுகை வராததை மலையே பார்த்தது. அந்தப் பாறையில் உட்கார்ந்து உன் பெயரைச் சொல்லும்போது அந்த அழுகை வந்துவிடும் என்று எனக்குத் தெரிகிறது. பையன்கள் நான் பழையதை நடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும்.